இருபத்தெட்டாவது பேட்டர்

9 இன்னிங்ஸ், 1 ஹிட், 0 ரன், 0 வாக், 3 ஸ்ட்ரைக்அவுட், 28 பேட்டர்கள், 88 பந்துகள்.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாண்ட் அணிக்கு எதிராக வீசிய ஆட்டத்தின் கணக்கு இந்த ஒரு வரிதான். ஹிட் என்பது பேட்டர் அடித்து பேஸை எட்டுவது, வாக் என்பது நான்கு ‘பால்’ வாங்கி முதல் பேஸுக்கு நடப்பது, ஸ்ட்ரைக்அவுட் என்பது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது. பேஸ்பால் கணக்கு படித்துப் பழகிய கண் முதலில் போய் நிற்பது 28 என்ற எண்ணில். இன்னிங்ஸுக்கு மூன்று வீதம், ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட். ரன் எதுவும் இல்லை. அப்படியானால் கூடுதலாக வந்த ஒரே ஒருவர் பேஸில் நின்றுகொண்டிருக்கும்போதே ஆட்டம் முடிந்திருக்கிறது. அந்த ஒருவர் உண்மையில் அவுட். டெட்ராய்ட் கமெரிகா பார்க்கில் 17,738 பேர் கூடியிருந்த அந்த மாலையில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டான பிறகு, முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து ‘சேஃப்’ என்றார். ஓடிவந்தவரின் கால் பேஸைத் தொடும் முன்பே பந்து கலராகாவின் கையுறைக்குள் இருந்ததை, சில வினாடிகளில் வந்த ரீப்ளே காட்டிவிட்டது. ஏறக்குறைய ஒரு காலடி வித்தியாசம்.

அந்த முடிவு சரியாக வந்திருந்தால் அது பெர்ஃபெக்ட் கேம். 27 பேர் பேட்டுடன் வருவார்கள், 27 பேரும் பேஸை எட்டாமல் திரும்புவார்கள். ஹிட், வாக், எர்ரர் (ஃபீல்டரின் தவறு), உடம்பில் பட்ட பந்து என்று எந்த வழியிலும் ஒருவர்கூட முதல் பேஸுக்குப் போகக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கின் பட்டியலில் இருப்பவை 24 மட்டுமே. கலராகாவுடையது 21-வதாக இருந்திருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அம்பயரின் கண்ணீரையும் பிட்சரின் பெருந்தன்மையையும் பேசுவார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் கணக்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஆட்டம் வேறொன்றைக் கற்றுத்தருகிறது: பாக்ஸ் ஸ்கோர் என்ற ஆட்டக் கணக்குப் பட்டியல் மைதானத்தில் நடந்ததன் பதிவு அன்று, மைதானத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளின் பதிவு. வழக்கமாக இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் ஸ்கோர் வரி. கிளீவ்லாண்ட் 0-1-1, டெட்ராய்ட் 3-9-0. ரன், ஹிட், எர்ரர் என்ற வரிசை. டெட்ராய்ட்டின் மூன்று ரன்களில் ஒன்று இரண்டாவது இன்னிங்ஸில் மிகெல் கப்ரேரா வேலியைத் தாண்டி அடித்த ஹோம் ரன், மற்ற இரண்டும் எட்டாவதில் வந்தவை. அதாவது எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஆட்டம் 1-0. ஒரே ஒரு தவறான பந்து சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும் என்ற நிலையில்தான் கலராகா அவ்வளவு நேரமும் வீசினார். ஆட்ட நேரம் 1 மணி 44 நிமிடம். அன்றைய ஆட்டங்கள் மூன்று மணி நேரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது நம்ப முடியாத வேகம். காரணம் எளியது. இரு பக்கமும் பிட்சரை மாற்றவே இல்லை. கிளீவ்லாண்டின் ஃபாஸ்டோ கார்மோனா எட்டு இன்னிங்ஸும் வீசி முடித்தார். சொந்த மைதானத்து அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி ஆடப்படுவதில்லை. அதனால் எட்டு இன்னிங்ஸ் வீசித் தோற்றவருக்கும் ‘கம்ப்ளீட் கேம்’ என்ற கணக்கு உண்டு.

இனி 88 பந்துகள். அவற்றில் 67 ஸ்ட்ரைக், 21 பால் (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்க முயலாமல் விட்டவை). புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இது. 67 ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் 67 முறை ஏமாந்தார் என்று பொருளில்லை. அடித்து மைதானத்துக்குள் விழுந்த பந்தும், கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போன பந்தும் ஸ்ட்ரைக் கணக்கில்தான் சேரும். 28 பேரில் 3 பேர் ஸ்ட்ரைக்அவுட். மீதி 25 பேர் பந்தை மைதானத்துக்குள் அடித்தார்கள். ஆகவே 67-இல் 25 அடிபட்டவை. மீதி 42 மட்டுமே விட்டவை, தவறவிட்டவை, ஃபவுல். ஒரு பேட்டருக்குச் சராசரி 3.14 பந்து. அந்தக் காலகட்டத்தில் லீக் சராசரி நாலுக்குச் சற்றுக் குறைவு. ஸ்ட்ரைக் விகிதம் 76 சதவீதம். 65-ஐத் தொட்டாலே நல்ல நாள் என்பார்கள். நூறு பந்துக்குள் முழு ஆட்டத்தையும் ரன் கொடுக்காமல் முடிப்பதற்கு, பிட்சர் கிரெக் மேடக்ஸின் பெயரால் ‘மேடக்ஸ்’ என்றே ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இது ஒரு மேடக்ஸ். 1999 ஜூலை 18-இல் நியூயார்க் யாங்கீஸின் டேவிட் கோன் வீசிய பெர்ஃபெக்ட் கேமும் இதே 88 பந்துகள்தான். ஆனால் அவர் வீசியது 27 பேருக்கு.

மூன்றே மூன்று ஸ்ட்ரைக்அவுட் என்பதில் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும். இந்த ஆட்டத்தின் உள்ளடக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக ஏழு ஸ்ட்ரைக்அவுட் விழுந்தன. கலராகா பேட்டர்களை அடிக்கவிட்டார். அடிபட்ட 25 பந்துகளில் ஹிட் எனப் பதிவானது ஒன்று: 1/25, அதாவது .040. மைதானத்துக்குள் விழும் பந்துகளில் ஹிட்டாகும் விகிதத்தை ‘பாபிப்’ என்பார்கள். அதன் வழக்கமான மதிப்பு .300-ஐ ஒட்டியே இருக்கும். அப்படிப் பார்த்தால் 25 பந்துகளில் ஏழோ எட்டோ ஹிட்டாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் அவுட்டாகும் வாய்ப்பு 0.7 என்று எடுத்துக்கொண்டால், 25-உம் அவுட்டாவது சுமார் 7,500-இல் ஒரு தடவை.

இந்த இடத்தில் பிட்சரின் கணக்கையும் ஃபீல்டர்களின் கணக்கையும் பிரித்துப் பார்க்க ‘ஃபிப்’ என்ற அளவு உதவும். ஹோம் ரன்னை 13-ஆலும், வாக்கையும் உடம்பில் பட்டதையும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, அந்த ஆண்டின் மாறிலியைச் சேர்க்க வேண்டும். மாறிலி மூன்றை ஒட்டியே வரும். இங்கே ஹோம் ரன் 0, வாக் 0, ஸ்ட்ரைக்அவுட் 3. எனவே −6-ஐ 9-ஆல் வகுத்து, −0.67. மாறிலியைச் சேர்த்தால் 2.4 சுற்றி நிற்கும். கொடுத்த ரன்னோ சுழியம். இந்த 2.4-க்கும் சுழியத்துக்கும் நடுவில் இருப்பது ஃபீல்டர்களின் உழைப்பும் பந்து விழுந்த இடத்தின் தயவும். ஒரே ஆட்டத்துக்கு ஃபிப் போட்டு அதை முடிவாகச் சொல்வது தவறு. மாதிரி மிகச் சிறியது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பந்தடியைப் பார்த்தாலே புரியும். மார்க் க்ரட்ஸலானிக் இடது-மத்திய மைதானத்தின் ஆழத்துக்கு அடித்தார். கமெரிகா பார்க்கின் மத்திய வேலி அப்போது 420 அடியில் இருந்தது. அந்த விரிந்த பரப்பில் சென்டர் ஃபீல்டர் ஆஸ்டின் ஜாக்சன், மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடியே ஓடி, தோளுக்கு மேலாக வந்த பந்தைப் பிடித்தார். ஸ்கோர் ஷீட்டில் அதற்கு ஒரு எண்தான்: 8. சும்மா நின்ற இடத்தில் வந்து விழும் பந்தைப் பிடித்தாலும் அதே 8. கணக்கின் பெரிய குறை இது. இன்றைக்கு ஸ்டேட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு பந்தின் வேகத்தையும் ஃபீல்டர் ஓடிய தூரத்தையும் அளந்து, பிடிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுகிறது. எல்லா மைதானங்களிலும் அது வந்தது 2015-இல்தான்.

ஸ்கோர் ஷீட் எழுதுகிறவர்களுக்குச் சட்டை எண் தேவையில்லை, இடத்து எண்தான் வேண்டும். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) 6, இடது ஃபீல்ட் 7, மத்திய ஃபீல்ட் 8, வலது ஃபீல்ட் 9. ஷார்ட்ஸ்டாப் எப்போதும் ஆறுதான், அவர் பெயர்ச்சியாகி எங்கே போய் நின்றாலும். இரண்டாவது பேட்டர் மைக் ரெட்மண்ட் ஷார்ட்ஸ்டாப்பிடம் தரைப்பந்தாக அடித்து அவுட்: 6-3. பந்தை எடுத்து எறிந்த ஆறுக்கு ஓர் அசிஸ்ட், வாங்கிய மூன்றுக்கு ஒரு புட்அவுட்.

மூன்றாவதாக வந்தவர் ஜேசன் டொனால்ட், வரிசையில் ஒன்பதாமவர், அந்த ஆண்டு மே மாதம்தான் மேஜர் லீக்குக்கு வந்த புதியவர். அவர் அடித்த தரைப்பந்து முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே உருண்டது. முதல் பேஸில் நின்ற கப்ரேரா தன் வலப்பக்கம் நகர்ந்துபோய் எடுத்தார். அவர் பேஸை விட்டு நகர்ந்துவிட்டால் அந்த பேஸுக்குப் பொறுப்பு பிட்சர். பந்து முதல் பேஸ் பக்கம் போனால் யோசிக்காமல் ஓடு என்று ஒவ்வொரு பிட்சருக்கும் பயிற்சி முகாமில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கியிருப்பார்கள். கலராகா ஓடிப்போய் பேஸை மிதித்தபடி பந்தை வாங்கினார். 3-1. அது 27-வது அவுட்டாக எழுதப்பட வேண்டிய எண்.

முதல் பேஸ் அம்பயரின் வேலை கண்ணுக்கும் காதுக்கும் பங்கிட்ட வேலை. கண் பேஸில் விழும் கால்மீது இருக்கும், பந்து கையுறையில் அறையும் ஓசையைக் காது பிடிக்கும். காலையும் பந்தையும் ஒரே சமயத்தில் கண்ணால் பார்க்க முடியாது. தூரத்திலிருந்து வேகமாக வரும் எறிதலுக்கு இந்த முறை அருமையாக வேலை செய்யும். அருகிலிருந்து வரும் எறிதலை, ஓடிக்கொண்டே வரும் பிட்சர் வாங்கும்போது ஓசை மங்கும், சுற்றிலும் கூச்சல் இருந்தால் இன்னும் மோசம். ஜாய்ஸின் முடிவுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல வரவில்லை. இருபதாண்டுக்கு மேல் அனுபவமும் நல்ல பெயரும் உள்ள ஒருவர்கூடத் தவறக்கூடிய வகை பந்து இது.

அடுத்து, பலரும் கவனிக்காத மனிதர் ஒருவர் வருகிறார்: அதிகாரபூர்வ ஸ்கோரர். அம்பயர் சேஃப் என்றுவிட்டார். விதிப்படி ஸ்கோரர் அம்பயரின் முடிவுக்கு எதிராக எதையும் எழுதக் கூடாது. அவர் முன் இருந்தவை இரண்டே வழிகள்: ஹிட் அல்லது எர்ரர். எர்ரர் என்று எழுதியிருந்தால் பெர்ஃபெக்ட் கேம் போனாலும், ஹிட்டே கொடுக்காத ‘நோ-ஹிட்டர்’ மிஞ்சியிருக்கும். ஆனால் எர்ரர் என்பது, சாதாரண முயற்சியில் செய்திருக்கக்கூடியதைச் செய்யத் தவறியவர்மீது எழுதப்படுவது. கப்ரேரா சரியாக எடுத்தார், சரியாக எறிந்தார். கலராகா சரியாக வாங்கினார், சரியாக மிதித்தார். தவறே செய்யாத இருவரில் யார் பெயரில் எர்ரர் எழுதுவது? ஆகவே ஹிட். எல்லோரும் அம்பயர்மீது கோபப்பட்ட அந்தச் சில நிமிடங்களில், தன் வேலையை மிகச் சரியாகச் செய்து, அதனாலேயே பொய்யான ஓர் எண்ணை எழுத வேண்டிய நிலை ஸ்கோரருக்கு.

ஆட்டம் அதோடு முடியவில்லை. பேட்டிங் வரிசையில் முதலாமவர் ட்ரெவர் க்ரோ நான்காம் முறையாக வந்தார். அவர் பேட் செய்யும்போது டொனால்ட் இரண்டாம் பேஸுக்கும் பிறகு மூன்றாம் பேஸுக்கும் ஓடினார். யாரும் தடுக்கவில்லை. மூன்று ரன் முன்னிலையில் கடைசி அவுட்டுக்காகக் காத்திருக்கும் அணி அதைப் பொருட்படுத்தாது. இப்படி விட்டுக்கொடுத்த ஓட்டத்துக்குத் திருட்டு பேஸ் என்ற பெருமை கிடையாது, ‘டிஃபென்சிவ் இன்டிஃபரன்ஸ்’ என்று தனியாகக் குறிப்பார்கள். க்ரோ மூன்றாம் பேஸ் பக்கம் அடித்து அவுட்டானார். 5-3. நெஞ்சு கனத்த அந்த நேரத்திலும் அடுத்த பேட்டருக்கு ஒழுங்காக வீசி முடித்தார் கலராகா. ஆட்டத்தின் சிறந்த அவுட் எது என்று என்னைக் கேட்டால் ஜாக்சனின் கேட்சுக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன்.

பாக்ஸ் ஸ்கோர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. விதிநூலிலேயே இருக்கிறது. ஓர் அணியின் ‘அட்-பேட்’ (கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்புகள்), வாக், தியாக அடி (தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றும் அடி), உடம்பில் பட்டவை, குறுக்கீடு எல்லாவற்றையும் கூட்டினால், அந்த அணியின் ரன், பேஸில் மிஞ்சியவர்கள், எதிரணியின் புட்அவுட் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். நம்மூர்க் கடைகளின் ஐந்தொகை மாதிரிதான், இரண்டு பக்கமும் நேராக வேண்டும். கிளீவ்லாண்டுக்கு: 28 = 0 + 1 + 27. நேராகிறது.

இப்போது அந்த ஒரு முடிவை மட்டும் திருத்திப் பாருங்கள். டொனால்டின் அன்றைய கணக்கு மூன்றுக்கு ஒன்று (மூன்று பேட்டிங்கில் ஒரு ஹிட்) என்பது மூன்றுக்குச் சுழியமாகும். க்ரோவின் நான்காவது பேட்டிங் இல்லாமல் போகும், அவருடைய ஆண்டுச் சராசரி ஒரு துளி ஏறும். மூன்றாம் பேஸ் வீரர் ஓர் அசிஸ்ட்டை இழப்பார். கப்ரேரா ஒரு புட்அவுட்டை இழந்து ஓர் அசிஸ்ட் பெறுவார், கலராகாவுக்கு ஒரு புட்அவுட் கூடும். க்ரோவுக்கு வீசிய பந்துகள் கழியும். புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் பிட்சரின் ஆட்டத்துக்கு மதிப்பெண் போட வகுத்த ‘கேம் ஸ்கோர்’ 50-இல் தொடங்கும்: அவுட்டுக்கு ஒன்று, நான்காவதுக்குப் பிறகு முடித்த ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் இரண்டு, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒன்று கூட்டி, ஹிட்டுக்கு இரண்டு கழிக்க வேண்டும். 50 + 27 + 10 + 3 − 2 = 88. திருத்தினால் 90. சோதனை வரியோ 27 = 0 + 0 + 27. அதுவும் நேராகிறது! கணக்கின் உள் ஒழுங்கு எது நடந்தது என்று சொல்லாது, எழுதியதில் முரண் இல்லை என்று மட்டுமே சொல்லும்.

கமிஷனர் பட் சீலிக் முடிவை மாற்ற மறுத்தார். அது நியாயமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பழைய கணக்குகளைத் திருத்தியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1930-இல் ஹேக் வில்சனின் 190 ஆர்பிஐ (பேட்டரின் ஆட்டத்தால் வந்த ரன்கள்), 1999-இல் 191 ஆனது. வேறொருவர் பெயரில் தவறாக ஏறியிருந்த ஒன்று அவருக்கு வந்தது. 1983 ஜூலையில் ஜார்ஜ் ப்ரெட்டின் பேட்டில் பைன் தார் (பிடிமானத்துக்குப் பூசும் பிசின்) அதிகமாக இருக்கிறது என்று ரத்தான ஹோம் ரன்னை, லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் திரும்பக் கொடுத்தார், மீதி ஆட்டம் ஆகஸ்ட் 18-இல் ஆடப்பட்டது. 1959 மே 26-இல் பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹாடிக்ஸ் 12 இன்னிங்ஸ், 36 பேரை வரிசையாக வீழ்த்தி, 13-வதில் தோற்றார். பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் இருந்த அந்த ஆட்டம், 1991-இல் வரையறை இறுக்கப்பட்டபோது நீக்கப்பட்டது. முதலாவது எழுத்துப்பிழை, இரண்டாவது விதியைப் பொருத்தியதில் பிழை, மூன்றாவது வரையறை மாற்றம். கலராகாவின் வழக்கு இந்த மூன்றிலும் சேராது. அது கண்ணால் பார்த்து எடுத்த தீர்ப்பில் பிழை. அந்த வகையைப் பின்னால் திருத்தத் தொடங்கினால், ஆட்டத்தின் கடைசி அவுட்டாக இருந்த இதைத் திருத்துவது எளிது. ஆனால் நான்காவது இன்னிங்ஸில் நடந்த அதே பிழையை எப்படித் திருத்துவது? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பேட்டரும் வேறு நிலையில் ஆடியிருப்பார். எனக்கு மனம் கலராகா பக்கம்தான், ஆனாலும் சீலிக்கின் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

திருத்த வேண்டியது அடுத்த ஆட்டங்களை. அது நடந்தது. 2010-இல் ரீப்ளே ஹோம் ரன் எல்லைத் தகராறுகளுக்கு மட்டுமே இருந்தது. 2014 முதல் முதல் பேஸ் முடிவுகளையும் மேலாளர் எதிர்த்துக் கேட்கலாம், நியூயார்க்கில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். அன்று டெட்ராய்ட் மேலாளர் ஜிம் லேலண்டுக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆட்டம் எவ்வளவு அரிது என்று எண்ணில் பார்க்கலாம். பேட்டர் பேஸை எட்டும் வாய்ப்பு .320 என்றால், 27 பேரும் அவுட்டாக 0.68-ஐ 27 முறை பெருக்க வேண்டும்: சுமார் 33,000-இல் ஒன்று. ஒரு சீசனில் 2,430 ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு பிட்சர் தொடக்கம், மொத்தம் 4,860. ஏழு ஆண்டுக்கு ஒன்று வரும் கணக்கு. மிகச் சிறந்த பிட்சருக்கு அந்த வாய்ப்பு .270 என்றால் விடை சுமார் 4,900-இல் ஒன்றாகச் சுருங்கும். அந்த 2010-இல் மே 9-இல் டாலஸ் ப்ரேடன், மே 29-இல் ராய் ஹாலடே, ஜூன் 2-இல் இது. 25 நாளுக்குள் மூன்று. மூன்றாவது மட்டும் பட்டியலில் இல்லை. ஒரே ஆண்டில் மூன்று என்ற இடம் 2012-க்குப் போயிற்று.

கலராகா அந்த சீசனை 4 வெற்றி, 9 தோல்வி, 4.49 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பிட்சர் கணக்கில் ஏறும் ரன்) என்று முடித்தார். இன்னிங்ஸ் பத்தியில் 144.1 என்றிருக்கும். அந்தப் புள்ளிக்குப் பின் உள்ள 1 தசமம் அன்று, மூன்றில் ஒன்று. 72 ரன்னை 9-ஆல் பெருக்கி 144⅓-ஆல் வகுத்தால் 4.49. அப்படியே 144.1 என்று கால்குலேட்டரில் தட்டினால் 4.50 வந்து நிற்கும், பலர் தடுக்கி விழும் இடம். அந்த ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டால் 4.79.

மறுநாள் டெட்ராய்ட்டில் அதே அணிகள் மோதின. ஹோம் பிளேட்டில் அம்பயர் ஜாய்ஸ். டைகர்ஸின் லைன்அப் கார்டை (பேட்டிங் வரிசைப் பட்டியலை) கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கார்டில் முந்தைய நாளின் எண் எதுவும் இல்லை, ஒன்பது இடத்துக்கு ஒன்பது பெயர்கள்.

இந்த ஆட்டத்தை வைத்து ஸ்கோர் ஷீட் எழுதிப் பழகுகிறவர்களுக்கு ஒரு யோசனை. டொனால்டின் மூன்றாவது கட்டத்தில் ஒற்றைக் கோடு போட்டு ஹிட் என்றே எழுதுங்கள், அதுதான் கணக்கு. கட்டத்துக்கு வெளியே ஓரத்தில், பென்சிலால், 3-1 என்று சின்னதாகக் குறித்து வையுங்கள். பிறகு க்ரோவின் கட்டத்தில் 5-3, அதைச் சுற்றி ஒரு வட்டம், மூன்றாவது அவுட்.